தம் பெயரால் எழுதிய பெண்மணி

தமிழின் முதல் முஸ்லிம் பெண் நாவலாசிரியர் எனப் போற்றப்படுபவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998). அவர் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. முஸ்லிம் பெண்ணின் பெயர் அச்சேறுவதையே பலரும் விரும்பாத காலத்தில், 1938இல், 'காதலா கடமையா' என்னும் நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார்.

ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் புனைபெயரில் மறைந்திருப்பின் அவருக்கு ஏச்சு குறைந்திருக்கலாம். ஆயின், பின்வந்த பெண்களுக்கு ஒரு முன்மாதிரி கிட்டியிராது.

கல்வி தேடல் இருபாலார்க்கும் கடமை என்பது இஸ்லாத்தின் போதனை. கற்றுத் தெளிந்ததைக் கண்ணியத்தோடு எடுத்துரைப்பதும் அக்கடமையின் தொடர்ச்சியே ஆகும். எனவே, மாணவியர் தம் பெயரிட்டே எழுதுவாராக! சமுதாயப் பெரியோர் முதலில் அதனைப் படித்து, அதன்பின் தீர்ப்புரைப்பாராக!