சிலோன் பெண் தேர்தலில் நிற்கலாமா?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு. மாலை நேரம். எழுத்தறிவு மையத்தில் வகுப்பு தொடங்கிவிட்டது. ஒரு பெண் மட்டும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"என்ன அக்கா, முகம் வாடியிருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"மாநகராட்சித் தேர்தலில் நிற்கலாம்னு நினைச்சேன் டீச்சர். நீ சிலோன்ல பிறந்தவ, உன் மனுவைத் தள்ளிடுவாங்கன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு."

"நீங்க எப்படி இங்கே வந்தீங்க?"

"சின்ன வயசுல அப்பா, அம்மாவோட கப்பல்ல வந்தோம். அப்பாவுக்கு குளத்தூப்புழை ரப்பர் தோட்டத்துல வேலை. அவரோட இந்தியப் பாஸ்போர்ட்டுல என் பெயரும் இருக்கு."

"அப்படியானால் கவலைப்படாதீங்க" என்றார் டீச்சர்.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழர்கள். 1947இல் அவர்களுடைய கட்சி ஏழு இடங்களில் வென்று இலங்கை நாடாளுமன்றம் சென்றது. தொண்டமான் அந்த எழுவரில் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948இல், ஒரு சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போயிற்று. குடியுரிமை போனதும் ஓட்டும் போயிற்று. தொண்டமான் மறுபடி மக்கள் ஓட்டால் வெல்ல 1977 வரை ஆயிற்று. 1978இல் அவர் அமைச்சரானார்.

1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கேரளத்தில் வேலை கிடைத்தது. அதற்காகவே புனலூரில் 1976இல் ஒரு தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. தேயிலை கிள்ளிய கைகள் ரப்பர் பால் வெட்டக் கற்றுக்கொண்டன.

இவர்கள் அகதிகள் அல்லர். இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டு வந்தவர்கள். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களே அகதிகள். குடியுரிமை இல்லாத அகதிக்கு ஓட்டு இல்லை. ஆனால் 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி நீதிமன்றம் போனார். பாஸ்போர்ட் பெற்றார். 2024இல் திருச்சியில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்.

பதிவு மூலம் குடிமகன் ஆனவருக்கும் இங்கேயே பிறந்தவருக்கும் தேர்தலில் வேறுபாடு உண்டா? இல்லை. அமெரிக்காவில் பிறப்பால் குடிமகனாக இருப்பவர்தான் ஜனாதிபதி ஆகலாம். நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. சோனியா காந்தி இத்தாலியில் பிறந்தவர். 1983இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1999இல் மக்களவைக்கு வென்றார். அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

"சரி டீச்சர், நான் இப்போ என்ன செய்யணும்?"

"முதல்ல வாக்காளர் பட்டியலைப் பாருங்க. பார்லிமெண்ட் தேர்தல் பட்டியல் வேறு, உள்ளாட்சிப் பட்டியல் வேறு. உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். அதிலே பெயர் இல்லைன்னா நிற்க முடியாது."

பலர் ஏமாறுவது இங்கேதான். மனு கொடுக்கும் நாளில் தேடினால் பயன் இல்லை. மாநகராட்சிக்குள் எந்த வார்டில் பெயர் இருந்தாலும் போதும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும். 2020இல் திருவனந்தபுரத்தின் மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு அப்போது 21 வயதுதான். கேரள உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு.

"நான் பள்ளிக்கூடம் போகலையே டீச்சர்?"

"ஹரியானாவில் பஞ்சாயத்துக்கு நிற்கப் படிப்பு வேணும்னு 2015இல் சட்டம் போட்டாங்க. கேரளத்தில் அப்படி இல்லை. இருந்தாலும் மனுவில் உள்ளதை நீங்களே வாசிச்சுப் பாருங்க. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும்."

அக்கா பையிலிருந்து பழைய பாஸ்போர்ட்டின் நகலை எடுத்தார். வாக்காளர் அட்டையையும் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒன்றில் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.

"நாளைக்கே போய்த் திருத்திடறேன் டீச்சர்" என்றார்.

பயிற்சி: உங்கள் வாக்காளர் அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுங்கள். இரண்டிலும் உங்கள் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.