விசையில் பிழையா? அமைப்பில் பிழையா?

நுழையும் முன்

நேற்று வரை நன்றாக ஓடிய கணினி விளையாட்டு இன்று இயங்காமல் போவதுண்டு. அப்போது முதலில் செய்யத்தக்கது எது? செய்யத்தகாதது எது? இவ்விரண்டையும் இப்பாடம் விளக்குகிறது.

வீட்டுக் கணினி

வீட்டுக் கணினி பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தந்தையின் அலுவலகக் கோப்புகள், அக்காவின் பள்ளிச் செயல்திட்டம், ஊரிலுள்ள பாட்டிக்கு அம்மா தட்டச்சு செய்யும் தமிழ்க் கடிதம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஆகவே, விளையாட்டைச் சரிசெய்யும் அவசரத்தில் கண்டதையெல்லாம் அழிப்பவர், தமக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் இழப்பை உண்டாக்கிவிடுவார். காரணத்தை அறிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

நகராத கார்

ஒரு கார்ப்பந்தய விளையாட்டை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ விசை காரை முன்னே செலுத்தும்; எஸ் விசை பின்னே இழுக்கும்; ஏ, டி ஆகிய விசைகள் இடமும் வலமும் திருப்பும். ஒருநாள் மாலை, எந்த விசையை அழுத்தினாலும் கார் நகரவில்லை. விசைப்பலகை பழுதாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும், பணம் செலவழிக்கும் முன் ஓர் எளிய சோதனை உண்டு. விளையாட்டை மூடிவிட்டு, நோட்பேட் போன்ற எழுதும் செயலியைத் திறந்து, அதே நான்கு விசைகளையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

எழுத்து எதுவும் தோன்றவில்லை எனில், இணைப்பிலோ விசைப்பலகையிலோ குறை இருக்கலாம். வடத்தைக் கழற்றி வேறொரு துளையில் செருகிப் பார்க்கலாம். வேறொரு விசைப்பலகையை இணைத்தும் சோதிக்கலாம். ஆனால், திரையில் ‘ஈ, அ, இ, உ’ என்னும் எழுத்துகள் தோன்றினால் விசைப்பலகை நலமாகவே உள்ளது என்பது உறுதி. கணினி ‘தமிழ்99’ அமைப்பில் நிற்கிறது என்பதே அதன் பொருள். கடிதம் எழுதியவர் ஆங்கிலத்திற்கு மாற்ற மறந்திருப்பார்.

தமிழ்99 என்பது, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட விசைப்பலகை அமைப்பாகும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகளுக்கு உரியவை பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. காரை ஓட்டும் நான்கு விசைகளும் உயிரெழுத்துகளாக மாறியதற்குக் காரணம் இதுவே.

இடமும் எழுத்தும்

ஒரு விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. அந்த விசை இருக்கும் இடத்திற்குரிய எண்ணையே அனுப்புகிறது. அவ்வெண்ணுக்கு எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது இயங்குதளம். சில விளையாட்டுகள் இடத்தைப் பார்க்கும். அவற்றுக்கு எந்த மொழி அமைப்பும் தடையில்லை. சில விளையாட்டுகள் எழுத்தைப் பார்க்கும். அவை ‘ஈ’ என்பதைக் கண்டு என்ன செய்வதென அறியாமல் வாளாவிருக்கும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு விசைப்பலகையில் டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட்டும், ஏ இருக்கும் இடத்தில் கியூவும் உள்ளன. அங்குள்ள சிறுவர்களும் இதே தடுமாற்றத்தைச் சந்திப்பதுண்டு.

இதற்குத் தீர்வு தமிழ் அமைப்பை நீக்குவதன்று. நீக்கினால் கார் ஓடும். ஆனால் மறுநாள் பாட்டிக்குக் கடிதம் எழுத இயலாது. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். விளையாடும் முன் ஆங்கிலம், எழுதும் முன் தமிழ் என மாற்றிக்கொண்டால் இரண்டும் ஒரே கணினியில் இனிது வாழும்.

வேறு சில விசைச் சிக்கல்கள்

ஷிப்ட் விசையை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால், ‘ஒட்டும் விசைகள்’ என்னும் வசதியைத் தொடங்கலாமா என விண்டோஸ் கேட்கும். ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்த இயலாதவர்களுக்கு உதவும் வசதி இது. விளையாட்டின் நடுவே அறியாமல் ‘ஆம்’ என்றுவிட்டால் விசைகள் வேறுவிதமாக நடந்துகொள்ளும். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குச் சென்று அதனை நிறுத்தலாம்.

இரு விசைகள் வேலை செய்ய, மூன்றாவதைச் சேர்த்து அழுத்தினால் மட்டும் பயனில்லாமல் போவதும் உண்டு. விலை குறைந்த விசைப்பலகைகளில் விசைகள் கிடைவரிசை, நெடுவரிசைக் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கும். சில மூன்று விசைகள் ஒருசேர அழுந்தினால், அழுத்தாத நான்காவது விசையும் அழுந்தியது போன்ற மயக்கம் பிறக்கும். அதனைத் தவிர்க்கவே விசைப்பலகை மூன்றாவதைப் புறக்கணிக்கிறது. விளையாட்டின் அமைப்பில் வேறு விசைகளைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு எளிய வழி.

தொடங்காத விளையாட்டு

விளையாட்டு தொடங்கவே இல்லையெனில், திரையில் தோன்றும் பிழைச்செய்தியை மூடும் முன் அதனைச் சொல் மாறாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர், கீழ்க்காணும் வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

1. கணினியை மறுதொடக்கம் செய்க. முன்பு சரியாக மூடப்படாத விளையாட்டு நினைவகத்தில் தங்கியிருந்தால் அது நீங்கும்.

2. வட்டில் போதிய இடம் உள்ளதா, விளையாட்டுக்குத் தேவையான நினைவகமும் வரைகலைத் திறனும் கணினியில் உள்ளனவா எனச் சரிபார்க்க.

3. வரைகலை இயக்கியை அதன் தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுப் புதுப்பிக்க.

4. ஏதேனும் ஒரு கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், அக்கோப்பை மட்டும் அறியாத தளத்திலிருந்து இறக்காதீர். தீநிரல்கள் இவ்வழியாகவும் நுழையும். விளையாட்டை வழங்கியவரிடமிருந்தே முழுமையாகப் பெறுக.

5. அமைப்புக் கோப்பு சிதைந்திருக்கலாம் என்று ஐயுற்றால் அதனை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுக. பல விளையாட்டுகள் புதிய கோப்பைத் தாமே உருவாக்கிக்கொள்ளும்.

6. மீண்டும் நிறுவுவது இறுதி வழியே. அதற்கு முன், சேமித்த ஆட்டங்கள் உள்ள கோப்புறையைப் படியெடுத்து வைக்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும். ஐந்தை ஒருசேர மாற்றிய பின் விளையாட்டு ஓடினால் எது மருந்து என்று தெரியாது. ஓடாவிட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. வைரஸ் தடுப்பு மென்பொருள் விளையாட்டைத் தடுத்தால், அதனைத் தாமே நிறுத்தாமல் பெரியவர்களிடம் தெரிவிப்பதே முறை.

சொற்பொருள்

வாளாவிருத்தல் – செயலற்றுச் சும்மா இருத்தல்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
இயங்குதளம் – கணினியின் எல்லாப் பணிகளையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்
வரைகலை இயக்கி – திரையில் படம் காட்டும் கருவியை இயக்க உதவும் மென்பொருள்

இலக்கணம் அறிவோம்

விளையாட்டு இயங்கியது. – தன்வினை
மாணவி விளையாட்டை இயக்கினாள். – பிறவினை

எழுவாய் தானே செய்யும் தொழில் தன்வினை. எழுவாய் பிறிதொன்றைச் செய்விக்கும் தொழில் பிறவினை.

பயிற்சி

அ. பிறவினையாக மாற்றுக: நீங்கு, மாறு, திரும்பு, நிரம்பு.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. எழுதும் செயலியில் விசைகளைச் சோதிப்பதன் பயன் யாது?
2. தமிழ் அமைப்பை நீக்குவது ஏன் தீர்வாகாது?
3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும் என்பது ஏன்?

இ. செய்து பார்க்க: வீட்டுக் கணினியில் பெரியவர் துணையுடன் தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு ஐந்து தொடர்களில் கடிதம் எழுதுக. எழுதி முடித்ததும், அடுத்து வருபவருக்காக மொழியை மாற்றி வைக்க மறவாதீர்.