குருவிப் பெட்டியைக் கழற்றாதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பால்கனியில் பெட்டி மாட்டி மாதங்கள் ஆகியும் ஒரு சிட்டுக்குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை, கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது எங்கே தொங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

மேற்கு வெயில் நேராக விழும் சுவர் என்றால் சித்திரையில் குஞ்சுகள் உள்ளேயே வெந்துபோகும். மின்விசிறி சுற்றும் அறையும் ஆகாது. நிழலான சுவரில், பூனைக்கு எட்டாமல், ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். வாசல் துளை 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் மைனா குடியேறிவிடும். கடையில் விற்கும் பெட்டிகளில் துளைக்குக் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். குருவிக்கு அது தேவையே இல்லை. காக்கை வந்து உட்கார்ந்து குஞ்சைக் கொத்தத்தான் அது உதவும். பிடுங்கிவிடுங்கள். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது, அதனால் இன்னும் ஒன்றிரண்டு பெட்டிகள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இவ்வளவும் செய்து குருவி வந்தாலும் குஞ்சு பிழைக்க வேண்டுமே! என் கவலையெல்லாம் அதில்தான். ஓட்டு வீட்டில் கைமரத்துச் சந்திலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கூடு கட்டிய குருவிக்குக் கொல்லைப்புறம் இருந்தது. கான்கிரீட் வீட்டில் சந்தும் இல்லை, கொல்லையும் இல்லை. சந்துக்குப் பதிலாகப் பெட்டி வைக்கிறோம். கொல்லைக்கு? பெரிய குருவி கம்பும் நொய்யும் தின்னும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குத் தானியம் செரிக்காது. கூட்டில் இருக்கும் இரண்டு வாரமும் அதற்குப் பெரும்பாலும் பூச்சிதான் உணவு. தாயும் தகப்பனும் பச்சைப்புழுவையும் அசுவினியையும் அலகில் கவ்வி வந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். மருந்தடித்த செடியில் அவற்றுக்கு என்ன கிடைக்கும்?

செல்போன் கோபுரத்தால்தான் குருவி அழிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வந்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது என்கிறது. குறைந்திருப்பது சென்னை போன்ற பெருநகரங்களில்.

குருவி குடிவந்தபின் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். அதே 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறந்து போகும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே விளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உங்கள் குடியிருப்பில் பேசி, ஒரு மூலையிலாவது சிமெண்ட் பூசாமல் மண்ணை விட்டுவையுங்கள். அதில் செம்பருத்தியும் முருங்கையும் வையுங்கள். புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள்.

அன்புடன்.