அறிவு மயங்கியோர் நம்மிடம் உள்ள அமானிதம்

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். "ஹஜ்ரத், என் மூத்த மகனுக்குப் புத்தி சரியில்லை. வீட்டுப் பெண்களை அடிக்க ஆரம்பித்ததால் வெளியூரில் ஒரு காப்பகத்தில் விட்டேன். இரண்டு வருஷமாகிறது. போகும்போதெல்லாம், 'வாப்பா, வீட்டுக்கு வர்றேன்' என்று கையைப் பிடித்துக்கொள்கிறான். காப்பகத்தாரோ அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். பெற்றவன் நான் முடிவு செய்தால் போதாதா? மார்க்கச் சட்டம் என்ன?" என்று கேட்டார். பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி இது. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

புத்தி தெளிவற்றவர்மீது ஷரீஅத் கடமையைச் சுமத்தவில்லை. எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவரில், தெளிவு வரும்வரை அவரும் ஒருவர் என்பது ஹதீது. ஆனால் கடமை நீங்கியதால் உரிமையும் நீங்கிற்று என்று எண்ணக் கூடாது. ஸூரத்துன் னிஸாவின் 5ஆம் ஆயத்து, விவரமற்றவர் கையில் பொருளை ஒப்படைப்பதைத் தடுக்கிறது. அதே ஆயத்து, அவருக்கு உணவும் உடையும் அளிக்கவும், அவரிடம் நல்ல முறையில் பேசவும் ஏவுகிறது.

பிக்ஹு நூல்களில் 'ஹஜ்ர்' (தடை) என்று ஒரு பாடம் உண்டு. ஷாபிஈ மத்ஹபில், பைத்தியத்தால் வந்த தடை தெளிவு வந்ததும் தானே நீங்கிவிடும். விவரமடைந்தபின் ஒருவர் பொருளை வீணாக்கத் தொடங்கினால், அவரைத் தடுப்பது காஜியின் பொறுப்பே தவிர உறவினரின் விருப்பமன்று. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களோ, அறிவுள்ள வயது வந்தவரை வீண்செலவுக்காகத் தடுப்பதையே ஏற்கவில்லை. காரணம் உள்ளவரைதான் தடை. வலீக்கு மேலே நீதி உண்டு. இவ்விரண்டையும் மனத்தில் கொள்க.

இவற்றை மறந்தால் என்ன நேரும்? ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய கீற்றுக்கொட்டகைக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களையும் குடும்பத்தார் குணமடையட்டும் என்றுதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். விட்டபின், 'இவர் இன்னும் இங்கே இருக்க வேண்டுமா?' என்று விசாரிக்க ஒருவருமில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

2018 முதல் நடப்பிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடுத்துவிட்டது. பதிவின்றி மனநல நிலையம் நடத்தவும் அனுமதியில்லை. தாமே முடிவெடுக்க இயலாதவரைச் சேர்க்க, இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சேர்த்த செய்தி 7 நாட்களுக்குள், பெண்ணானால் 3 நாட்களுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ அதன் தலைவர். முதலில் 30 நாட்கள்தாம் வைத்திருக்கலாம். அதற்குமேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்துச் சொல்லவும், வாரியம் அனுமதிக்கவும் வேண்டும். அந்த அனுமதியும் 90 நாட்கள், பிறகு 120, அதன்பின் தடவைக்கு 180 என்று தவணைப்படிதான். காஜி விசாரிக்க வேண்டிய இடத்தில் இன்று வாரியம் விசாரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வாரியம், விசாரணை என்று போனால் குடும்ப மானம் போய்விடுமே, ஹஜ்ரத்" என்றார் பெரியவர். அந்த விசாரணை ஊரறிய நடப்பதன்று. மூடிய அறையில்தான் நடக்கும். அடைக்கப்பட்டவரே மனுச் செய்யலாம். அவருடைய நியமனப் பிரதிநிதியும் செய்யலாம். வக்கீலுக்குப் பணம் வேண்டியதில்லை. கடலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். வாரியத்தின் தீர்ப்பில் குறையிருந்தால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனநோய் கண்டவர் என்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனமற்றவர் என்று கொள்ள முடியாது. அதை உரிய நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். அண்ணனை அடைத்துவிட்டுப் பாகத்தை எழுதிக்கொள்ளும் தம்பிமார் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: "மகனை அங்கே விட்டது குற்றமன்று, வீட்டுப் பெண்களைக் காப்பதும் உங்கள் கடமையே. ஆனால் இரண்டு வருஷமாக அவன் சொல்லை யாரும் கேட்கவில்லையே, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காப்பகம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். மனநல மருத்துவரிடம் அவனைக் காட்டுங்கள். வாரியத்தில் அவன் வாயால் சொல்லட்டும்."

அறிவில் சற்றுக் குறைவிருந்த பெண்ணொருத்தி, தனக்கு ஒரு தேவை இருப்பதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னாள். எந்தத் தெருவில் நிற்க விரும்புகிறாயோ அங்கே வருகிறேன் என்று கூறி, அவள் பேசி முடிக்கும்வரை அவர்கள் உடன் நின்றார்கள். முஸ்லிம் ஷரீபில் உள்ள செய்தி இது. அந்தச் சுன்னத்தை நம் வீட்டிலும் காப்பகத்திலும் கடைப்பிடிக்க அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.