படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை

பிள்ளைகளின் மேற்கல்வி மனு, உதவித்தொகை மனு முதலியவற்றை இந்நாளில் பெரும்பாலும் இணையத்தின் வழியே அனுப்புகிறோம். பிறப்புப் பத்திரம், தேர்வுச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து மனுவுடன் இணைக்க வேண்டியுள்ளது. படம் அளவில் மிகுந்தால் இணையப் பக்கம் அதனை ஏற்பதில்லை. மிகவும் சிறிதாயின் எழுத்துகள் மங்கி, மனு திரும்பி வரக்கூடும். இறுதி நாளன்று இத்தடை நேர்ந்தால் ஒரு மாணவரின் ஓராண்டே வீணாகலாம். ஆகவே, படத்தை அளவறிந்து சுருக்கும் முறையை நாம் கற்றுக்கொள்ளுதல் நன்று.

படமும் புள்ளிகளும்

கைப்பேசிப் படம் என்பது நெருக்கமாக அமைந்த வண்ணப் புள்ளிகளின் தொகுப்பேயாகும். அகலத்தில் 3,000, உயரத்தில் 4,000 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் தேவை. எனவே முழுப் படத்திற்கும் 36 மெகாபைட் வேண்டும். 1992இல் வகுக்கப்பட்ட 'ஜேபெக்' முறை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை நீக்கி, அதனைப் பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. ஆயினும், 1 அல்லது 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட படத்தை ஏற்காத பக்கங்களும் உண்டு.

எவ்வளவு சுருக்கலாம்?

அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் படத்தின் புள்ளிகள் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகின்றன. 1,500க்கு 2,000 என்னும் அளவில் எஞ்சுபவை 30 இலட்சம் புள்ளிகளே.

210 மில்லிமீட்டர் அகலமுள்ள 'ஏ4' தாள் இப்படத்தை நிறைத்திருப்பின், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 7 புள்ளிகள் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து 14 புள்ளிகள் உயரத்தில் தெளிவாகத் தெரியும். அகலத்தை 600 புள்ளிகளாகக் குறைத்தாலோ, அவ்வெழுத்துக்கு 6 புள்ளிகள்கூடக் கிடைப்பதில்லை. 3, 6, 8 ஆகிய எண்கள் ஒன்றுபோல் தோன்றும்.

பட்டையை மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகச் சீவினால் மரம் காயமுறும். படத்தைச் சுருக்குவதும் அத்தகையதே.

செய்முறை

1. தாளைச் சமமான இடத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து படமெடுக்க வேண்டும். நம் நிழல் தாளின்மேல் விழலாகாது.

2. படத்திற்குப் படி ஒன்று எடுத்து, மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கினாலும் இழந்த தெளிவு திரும்புவதில்லை.

3. படியில் மேசை, தரை முதலிய வேண்டாத ஓரங்களை முதலில் வெட்டி நீக்க வேண்டும். இதனாலேயே அளவு ஓரளவு குறையும்.

4. பின்னர்ச் சுருக்க வேண்டும். கைப்பேசியில் அவ்வசதி இல்லையெனில், கணினியிலுள்ள 'பெயிண்ட்' செயலியில் 'ரீசைஸ்' என்பதைத் தேர்ந்து, 50 விழுக்காடு என இடலாம். இரு பக்கங்களும் ஒரே விகிதத்தில் குறைதல் அவசியம்.

5. சுருக்கிய படத்தைத் திரையில் விரித்து, மிகச் சிறிய எழுத்தையும் எண்ணையும் படித்துப் பார்த்த பின்னரே பதிவேற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பட்டணத்து உறவினர் மூலம் மனுச் செய்வோர், வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தில் சான்றிதழைப் புகைப்படமாக அனுப்பினால், செயலி தானே அதனைச் சுருக்கிவிடும். 'ஆவணம்' என்னும் வழியில் அனுப்பினால் மூல அளவு மாறாது. அடையாள அட்டையின் படத்தைப் பலர் கூடும் குழுக்களில் இடுதல் கூடாது. அது தீயோர் கைக்கு எட்டினால் நம் பெயரால் மோசடி நிகழக்கூடும்.

வீட்டில் கணினி இல்லாதோர் அருகிலுள்ள நாடி இணைய மையத்தை நாடலாம். மனுவின் இறுதி நாள்வரை காத்திராமல், சான்றிதழ் கைக்கு வந்த அன்றே மூலப்படத்தையும் சுருக்கிய படத்தையும் ஆயத்தம் செய்துவைப்போமாக. நம் பிள்ளைகளின் வாய்ப்பு, மங்கிய ஒரு படத்தால் தவறிப்போக நாம் இடந்தரலாகாது.