தாத்தாவுக்கு விக்கிப்பீடியாவில் இடம் உண்டா?

“என் தாத்தா 1930களில் நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் போட்டவர். பாட்டி சொன்னதையெல்லாம் தொகுத்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றினேன். நீக்கிவிட்டார்கள். இனி என்ன செய்வது?” இந்தக் கேள்வி வெவ்வேறு தாத்தாக்களின் பெயரில் வந்துகொண்டே இருக்கிறது.

நீக்கியவர் மேல் கோபம் வேண்டாம். பாட்டி பொய் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. படிக்கிற யாரும் தேடிப்போய்ச் சரிபார்க்கக்கூடிய, ஏற்கெனவே வெளிவந்த ஆதாரத்தைக் கேட்கிறார். அச்சேறாத செய்தி எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அங்கே அது ‘சொந்த ஆய்வு’தான். வாய்மொழியையும் சான்றாக ஏற்கலாமா என்று 2011இல் ஆய்வாளர் அச்சல் பிரபாலா முன்னிற்க மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் ஒரு முயற்சி நடந்தது. எனக்கு அதில் உடன்பாடு உண்டு. எழுத்தில் ஏறாமலே போன வாழ்க்கைகள் நம்மிடம் ஏராளம். ஆனால் அது பொது விதியாகவில்லை. விதியோடு மல்லுக்கட்டுவதைவிட ஆதாரம் தேடுவது மேல்.

தாத்தாவைத் தேடாதீர்கள், அவர் இருந்த கம்பெனியைத் தேடுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி போன்றவற்றைப் பற்றி அச்சில் நிறையவே இருக்கிறது. அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யில் சக நடிகர்களின் பெயர்களும் முகாமிட்ட ஊர்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அங்கே உங்கள் தாத்தாவின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தாலும் போதும், பிடி கிடைத்துவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. இலங்கைக் குடும்பம் என்றால் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்தைப் பாருங்கள். மறைந்தவர்களுக்காக வெளியிட்ட நினைவு மலர்கள்கூட அங்கே படிக்கக் கிடைக்கின்றன.

வீட்டுப் பெட்டியில் பழைய நாடக நோட்டீஸ் ஒன்று இருக்கலாம். அதை நிதானமாகப் படியுங்கள். ஊர், கொட்டகை, கிழமை, தேதி, நாடகம், வேஷக்காரர்கள், கீழ்க்கோடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஆண்டு பல நோட்டீஸ்களில் இருக்காது. தேதியையும் கிழமையையும் பொருத்திப் பார்த்து இன்னின்ன ஆண்டாக இருக்கலாம் என்று நீங்கள் கணிக்கலாம்; ஆனால் அந்தக் கணிப்பைக் கட்டுரையில் ஏற்றக் கூடாது. இன்னொன்று: அன்றைக்கு அந்த ஊரில் தாத்தா கோவலனாக வருவதாக அறிவித்திருந்தார்கள் என்பதற்கு மட்டுமே நோட்டீஸ் சாட்சி. புகழ்பெற்ற நடிகர் என்பதற்கு அது சாட்சியாகாது. நோட்டீஸ் யாரைத்தான் புகழவில்லை?

ஆதாரம் கிடைத்த பிறகும் தனிக் கட்டுரைக்கு அவசரப்படாதீர்கள். ஒருவரைப் பற்றி, அவரோடு தொடர்பில்லாதவர்கள் விரிவாக எழுதியிருந்தால்தான் தனிக் கட்டுரை நிற்கும். இல்லையென்றால் கம்பெனியைப் பற்றிய கட்டுரையில் நூலின் பெயர், பக்க எண்ணோடு ஒரு வாக்கியம் சேருங்கள். அதையும் நேரடியாகச் செய்யாமல், ‘நான் இவருடைய பேரன்’ என்று அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு, வாக்கியத்தை முன்வைத்து மற்றவர்களைச் சேர்க்கச் சொல்வது நாகரிகம். உயிரோடிருக்கும் அத்தை, மாமாக்களின் பிறந்த தேதி, முகவரி எதையும் எழுத வேண்டாம்.

படத்திலும் கவனம். பழைய படத்தை ஸ்கேன் செய்துவிட்டு விக்கிமீடியா பொதுவகத்தில் ‘சொந்தப் படைப்பு’ என்று பதிகிறவர்கள் பலர். ஸ்கேன் செய்தவர் படைப்பாளி ஆகிவிடமாட்டார். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் பதிவு செய்து, எடுத்தவர் யார், எந்தக் காலம் என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். தாத்தாவின் கடிதங்களுக்கும் இப்படித்தான். கடிதம் உங்கள் கையில் இருக்கிறது என்பதால் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. அது எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. பொதுவகத்தில் ஏற்றினால் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கும் புத்தகத்தில்கூட. சித்தப்பா, பெரியப்பா எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சரி, பாட்டி சொன்ன கதைகள்? அவற்றுக்குப் பொருத்தமான இடம் வேறு. வம்சாவளி மட்டும் என்றால் விக்கிட்ரீ, ஃபேமிலிசர்ச் போன்ற தளங்கள் இருக்கின்றன. நாடகக் கதைகளை ஆசிரியர் குழு உள்ள ஒரு இதழுக்குக் கட்டுரையாக அனுப்புங்கள். அது வெளிவந்தால் நாளைக்கு வேறொருவர் அதையே விக்கிப்பீடியாவில் சான்று காட்டலாம். சொந்தச் செலவில் அச்சடித்த குடும்ப மலருக்கு அந்த மதிப்பு கிடைப்பது அரிது. ஆனாலும் அச்சடித்தால் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பாட்டியை உட்கார வைத்துப் பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள், தேதியும் இடமும் தொடக்கத்திலேயே சொல்லி. அந்த நோட்டீஸை மட்டும் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது.