வாய்வார்த்தைக்குத் தேதி ஏது?

கே: வீட்டில் ஊறுகாய் போட்டு அக்கம்பக்கத்தில் விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா? கடையே இல்லையே! (வாசகி, ராஜபாளையம்)

ப: சட்டம் கடையைப் பார்ப்பதில்லை, விற்பனையைப் பார்க்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் பதிவு உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சான்று வந்ததும் அந்த 14 இலக்க எண்ணைப் பாருங்கள். 2-இல் தொடங்கினால் பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம். உரிமத்துக்கென்று பணம் வாங்கிய புரோக்கர் பதிவுச் சான்றை நீட்டினால், முதல் இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

கே: கடைப் பெயர் ஆங்கிலத்தில்தான் எடுப்பாக இருக்கிறது. தமிழைக் கீழே சின்னதாகப் போடலாமா? (வாசகர், ஓசூர்)

ப: கூடாது. தமிழ் முதலில், பெரிதாக. தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2. போர்டு எழுதுபவருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

கே: தள்ளுவண்டியில் பழம் விற்கும் மாமாவின் தராசையும் இரண்டு கூடை மாம்பழத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கவுன்சிலர், மேஸ்திரி என்று மூன்று நாளாக அலைகிறார். (ஊர்ப் பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ப: மூன்று நாளா? மாம்பழம் இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும்.

2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தை ஒருமுறையாவது படியுங்கள். இடத்தைக் காலி செய்யச் சொல்வதென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று தரும்வரை, ஏற்கெனவே அங்கே வியாபாரம் செய்பவரை அப்புறப்படுத்தவே கூடாது. சாமானை எடுத்தால், எடுத்தவர் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கோரினால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தராசு, குடை போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள்.

இந்தக் கெடு சாமானைப் பறித்த நாளிலிருந்து ஓடுவதில்லை, கோரிய நாளிலிருந்து ஓடுகிறது. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கவுன்சிலரிடம் சொன்னது கோரிக்கை ஆகாது. மேஸ்திரியிடம் கெஞ்சியதும் ஆகாது. வாய்வார்த்தைக்குத் தேதி ஏது? ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கியிருந்தால் அன்றைக்கே கெடு ஓட ஆரம்பித்திருக்கும். முத்திரை போட மறுத்தால் பட்டுவாடாச் சான்றுடன் ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது.

இதே சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாமாவின் ஊர்க் குழுவில் அவர்கள் சார்பில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? இதையும் எழுத்தில் கேட்கலாம். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

கே: க்ரீம் பன்னுக்கு வரி எவ்வளவு? பரோட்டாவுக்கு? (வாசகர், ஈரோடு)

ப: 2024 செப்டம்பரில் கோவை ஹோட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சரிடமே கேட்டது இது. அப்போது பன்னுக்கு வரி இல்லை, க்ரீம் தடவினால் 18 சதவீதம் என்றார் அவர். க்ரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே தடவிக்கொள்கிறோம் என்கிறார்களாம் வாடிக்கையாளர்கள். நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு 5 சதவீதம்தான். பாக்கெட் பரோட்டாவுக்கு வரியே இல்லை. ஆனால் அதே பரோட்டாவை ஹோட்டலில் சால்னா ஊற்றிச் சாப்பிட்டால் அது சேவை ஆகிவிடும். 5 சதவீதம் உண்டு.

கே: ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? (கடை முதலாளி, கும்பகோணம்)

ப: கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைப்பார். 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும். இன்றைக்கே ஸ்டூல் வாங்குங்கள், பில்லோடு.